எண் இடாத பிரதிகள்

நீரில் பிறந்தவர்கள் இருவர். பாற்கடலைக் கடைந்தபோது தாமரையோடு எழுந்தவள் திருமகள். அலைநுரையில் பிறந்து, சிப்பியில் நின்றபடி கரைசேர்ந்தவள் ரோமர்களின் வீனஸ். வீனஸை 1480களில் சாந்த்ரோ பொத்திச்செல்லி வரைந்தார். மூல ஓவியம் இன்றும் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், உஃபிஸி காட்சிச்சாலையில் இருக்கிறது. திருமகளை 1896இல் ராஜா ரவிவர்மா வரைந்தார். குளத்துத் தாமரையில் நான்கு கைகளோடு அவள் நிற்க, யானையொன்று துதிக்கையில் மாலை ஏந்தி நிற்கும் அந்தப் படத்தை அறியாத தமிழர் வீடு இருக்காது.

இரண்டு ஓவியங்களும் அச்சுக்குப் போயின. போன வழிதான் வேறு. 1984இல் அமெரிக்க ஓவியர் அண்டி வார்ஹோல், பொத்திச்செல்லியின் வீனஸிடமிருந்து முகத்தையும் காற்றில் பறக்கும் கூந்தலையும் மட்டும் எடுத்துக்கொண்டார். கண்ணைப் பறிக்கும் நிறங்களை ஏற்றி, திரை அச்சில் 70 பிரதிகள் கொண்ட பதிப்பாக வெளியிட்டார். பிரதிக்குப் பிரதி பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் உண்டு. ரவிவர்மாவின் திருமகளோ ஆண்டுக்கணக்காக, எண்ணிக்கை வைக்காமல், கேட்டவருக்கெல்லாம் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டாள். வார்ஹோலின் வீனஸ் சேகரிப்பாளர்களின் வீட்டுக்குப் போனாள். ரவிவர்மாவின் திருமகள் மட்டக்களப்பில் எங்கள் பழுகாமம் வரைக்கும் வந்தாள்.

புகழ்பெற்ற ஓவியத்தை எடுத்து, தன் காலத்துக்கேற்ப மாற்றி, அளவான எண்ணிக்கையில் அச்சிட்டு விற்பது பொப் ஆர்ட் காலத்திலிருந்து ஒரு தனி உலகமாகவே வளர்ந்துவிட்டது. 1963இல் மோனா லிசா ஓவியம் பாரிஸிலிருந்து வாஷிங்டனுக்கும் நியூயோர்க்குக்கும் கொண்டுசெல்லப்பட்டு, அதைப் பார்க்கச் சனம் திரண்டபோது, வார்ஹோல் அதே முகத்தை ஒரே கன்வஸில் முப்பது தடவை அச்சிட்டார். ரோய் லிக்டன்ஸ்டைன் 1969இல், குளோட் மொனே வரைந்த ரூவான் தேவாலய ஓவியங்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் கல்லச்சில் போட்டார். இன்று இந்த வகைப் பிரதிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். கொழும்பிலும் சென்னையிலும், இங்கிருந்து புலம்பெயர்ந்து கனடாவிலும் லண்டனிலும் வீடு வாங்கியவர்களின் வரவேற்பறைகளிலும் அவற்றைக் காணலாம்.

சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பது ஓரத்து எண்ணை. '12/70' என்று இருந்தால் எழுபதில் பன்னிரண்டாவது என்று பொருள். எண் சிறியதாக இருந்தால் மதிப்புக் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. திரை அச்சைப் பொறுத்தவரை அதில் பெரிய பொருள் இல்லை. அச்சடித்த ஒழுங்கில்தான் எண் போடவேண்டும் என்று விதி கிடையாது. எழுபதுக்கு வெளியே ஓவியருக்கென்று ஒதுக்கிய பிரதிகள் வேறு உண்டு. பதிப்பு முடிந்ததும், திரும்ப அச்சிட முடியாதபடி திரையை அழித்தார்களா, கல்லில் குறுக்குக் கோடு போட்டார்களா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. வார்ஹோல் 1967இல் 250 பிரதிகளாக வெளியிட்ட மர்லின் மன்றோ படங்களுக்கு நடந்ததைப் பாருங்கள். 1970இலிருந்து 'சண்டே பி. மோர்னிங்' என்ற பெயரில் அதே படங்கள் திரும்ப அச்சாகி வந்தன. பின்பக்கத்தில், கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று முத்திரை. இன்று அவற்றையும் சேர்க்க ஒரு கூட்டம் இருக்கிறது.

ஆக, எண் என்பது அச்சகம் கொடுக்கும் ஒரு வாக்கு. வாக்கைக் காப்பாற்றினால் பிரதி அரிதாகும், இல்லையென்றால் இல்லை.

கல்லில் இருந்து சுவருக்கு

ரவிவர்மாவின் படங்களை அச்சிடலாம் என்ற யோசனை 1880களிலேயே எழுந்தது. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவ ராவ், ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சாக எடுப்பிக்கும்படி ரவிவர்மாவுக்கு எழுதினார். ரவிவர்மா அதற்கு ஒரு படி மேலே போனார். 1894இல் பம்பாய்க்குப் பக்கத்தில் சொந்தமாகவே அச்சகம் தொடங்கினார். இயந்திரமும் தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். அச்சகம் வெளியிட்ட முதற்படம் சகுந்தலையின் பிறப்பு. பிறகு பம்பாயில் கொள்ளைநோய் பரவ, அச்சகம் லோனாவலாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு இடம் மாறியது. நட்டம் தாங்காமல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மன்காரரிடம் விற்க வேண்டி வந்தது. ஷ்லைகரின் கையில்தான் அது பெருந்தொழிலாயிற்று. படங்களோடு தீப்பெட்டி லேபிள்களும் அச்சாகின. பிற்காலத்தில் இந்தியாவின் முதல் முழுநீளப் படத்தை எடுத்த தாதாசாகேப் பால்கேயும் இந்த அச்சகத்தில் வேலை பார்த்தவர்தான். 1972இல் ஒரு தீ விபத்தில் அச்சகம் அழிந்தது.

வேலை நடந்த முறையைத் தெரிந்துகொண்டால் பழைய படத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். நிறத்துக்கு ஒரு சுண்ணக்கல். இளஞ்சிவப்புக்கு ஒன்று, சேலையின் சிவப்புக்கு ஒன்று, நிழலின் கபிலத்துக்கு ஒன்று என்று ஒரு படத்துக்கே பத்துக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்படும். ஒவ்வொரு கல்லிலும் அந்த நிறம் வரவேண்டிய இடங்களை மட்டும் கைவினைஞர் புள்ளி புள்ளியாகக் கொழுப்பு மையால் வரைவார். ஒரே தாள் அத்தனை கற்களின் மேலும் ஒரு மயிரிழை விலகாமல் வந்து போகவேண்டும். கடைசியில் எண்ணெய் ஓவியம்போல மினுங்க வார்னிஷ் பூசுவார்கள். ஓலியோகிராஃப் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான்.

மூல ஓவியத்தை வரைந்தவர் ரவிவர்மா. நம் கண்ணுக்கு வருவதோ பெயர் தெரியாத கல்லச்சுக்காரர்கள் அதைத் திரும்ப வரைந்த உருவம். அச்சுக்குப் போன நாளிலேயே அந்த ஓவியம் மாற்றி எழுதப்பட்டுவிட்டது.

அதன்பின் தமிழ்நாடு வந்து சேர்ந்தது. 1898இல் பிறந்த சி. கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர்; நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்தவர்; கோவில்பட்டியில் தங்கி, தன்னைச் சுற்றி ஒரு சீடர் கூட்டத்தையே வளர்த்தவர். அவரும் டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் போன்ற சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் அச்சாகிக் கலண்டர்களாகப் பரவின. ரவிவர்மாவின் தேவியர் யோசனையோடு எங்கோ பார்ப்பவர்கள். கோவில்பட்டித் தேவியர் நேரே நம்மைப் பார்ப்பார்கள். நகை கூடும், கன்னம் பூரிக்கும், பின்னணியில் கோபுரம் எழும். ரவிவர்மாவின் பாணியை எடுத்துக் கும்பிடுபவனின் தேவைக்கு ஏற்ப மாற்றிய இந்த வேலையை வெறும் நகலெடுப்பாகப் பார்க்கும் விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாடகத் திரை வரைந்த கை, மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் முகம் தெரியவேண்டும் என்று பழகிய கை அது.

இலங்கையில் இதே காலத்தில் எம். சார்லிஸ் (1880–1955) என்ற ஓவியர் புத்தர் வரலாற்றை வரைந்தார். படங்கள் ஜெர்மனியில் வண்ணக் கல்லச்சாகி வந்து சிங்களக் கிராமங்களின் சுவர்களில் ஏறின. தமிழ் வீட்டில் ரவிவர்மா, சிங்கள வீட்டில் சார்லிஸ். இரண்டு வீட்டுச் சுவர்களுக்கும் உள்ள அந்த உறவைப் பற்றி நாம் இன்னும் பேசவே தொடங்கவில்லை.

மாமி வீட்டு இலட்சுமி

களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் வாவியின் மறுகரையான படுவான்கரை. பழுகாமம் அங்கேதான். என் மாமி வீட்டுச் சாமியறையில் இருக்கும் இலட்சுமி படத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்துவருகிறேன். இந்தக் கட்டுரைக்காக அதைச் சுவரிலிருந்து இறக்கி, முற்றத்து வெளிச்சத்தில் பாயில் வைத்துப் பார்த்தோம்.

நகைக்கடைக்காரர் கண்ணில் பொருத்தும் பூதக்கண்ணாடியை முகத்தின் மேல் வைத்தேன். இன்றைய கலண்டர் படமென்றால் நான்கு நிறப் புள்ளிகள் சீராக அணிவகுத்துச் சின்னச் சின்னப் பூப்போலத் தெரியும். இங்கே அந்த ஒழுங்கு இல்லை. கன்னத்தில் ரோஜா நிறப் புள்ளிகள் மணல் தூவியதுபோல, ஒன்றுக்கொன்று அளவு மாறிக் கிடந்தன. ஒரு மனிதன் உட்கார்ந்து கையால் வைத்த புள்ளிகள். கல்லச்சேதான். எந்த அச்சகம் என்று சொல்ல வழியில்லை. பெயர் அச்சாகும் கீழ் விளிம்பை, சட்டம் போட்டவர் கண்ணாடி அளவுக்கு வெட்டிவிட்டிருக்கிறார். விளிம்பு தப்பிய படங்களில் ரவிவர்மா அச்சகத்தின் பெயரோ, அதன் படங்களை விற்ற அனந்த் சிவாஜி தேசாயின் பெயரோ இருக்கும்.

ஆனால் பார்க்க வேண்டியது முகத்துக்குக் கீழே இருந்தது. சேலை அச்சுச் சேலை இல்லை; உண்மையான சிவப்புப் பட்டுத் துண்டு. அச்சிட்ட மடிப்புகளின் ஓரம் பார்த்து, மடிப்புக்கு மடிப்புத் தனித்தனியாக வெட்டி ஒட்டியிருக்கிறது. கரையில் சரிகை நூல். கிரீடத்திலும் ஒட்டியாணத்திலும் சமிக்கி, கழுத்தில் பாசிமணி. யானைக்கும் ஒரு நெற்றிப்பட்டம் கிடைத்திருக்கிறது. ரவிவர்மா வரையாதது அது.

“ஆர் மாமி இதெல்லாம் ஒட்டினது?”

“எங்கட அம்மாதான் மனே. மூத்தப்பா படத்த வாங்கித் தந்தவர். அம்மாட கூறைச் சீலையில மிஞ்சின துண்டு அது. சூறாவளிக்க கூரை பறந்தது, படம் நிண்டிட்டு. தொண்ணூறில ஓடக்கொள்ள பெட்டிக்க வச்சிக் கொண்டு போனம்.”

படத்தின் முதுகில் ஆணியடித்த பலகைக்குள், ஈரம் ஏறாமல் இருக்க ஒரு வீரகேசரிப் பத்திரிகைத் தாளை மடித்து வைத்திருந்தார்கள். திகதி இருந்த மூலையை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. ஒரு படமாளிகை விளம்பரம் மட்டும் பாதி மிஞ்சியிருக்கிறது.

அச்சுப்படத்துக்குத் துணியும் சரிகையும் ஒட்டி அலங்கரிப்பது தென்னிந்தியாவில் பரவலாக இருந்த வழக்கம். அப்படி அலங்கரித்த ரவிவர்மா படங்கள் இன்று பெரிய சேகரிப்புகளில் இருக்கின்றன. பெங்களூரில் கணேஷ் சிவசுவாமி ஆண்டுக்கணக்காக ரவிவர்மா அச்சுகளைச் சேர்த்து, அவற்றைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதியிருக்கிறார். டெல்லியில் பிரியா பாலின் சேகரிப்பில் லேபிள்களும் கலண்டர்களும் ஏராளம். மூல ஓவியங்கள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. 'யசோதையும் கிருஷ்ணரும்' 2023இல் மும்பை ஏலத்தில் 38 கோடி இந்திய ரூபாய்க்கு விலைபோனது. போதாதற்கு ரவிவர்மாவின் ஓவியங்கள் இந்தியச் சட்டப்படி தேசியக் கலைச் செல்வங்கள், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சேகரிப்பாளரின் பார்வை அச்சுப்படத்தின் மேல் திரும்பியதில் வியப்பில்லை.

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் கூர்மையானது. 1978 நவம்பர் 23இல் வந்த சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிடுங்கியது. 1990இல் போருக்குப் பயந்து சனம் ஓடியது. 2007இல் படுவான்கரையே பெயர்ந்து முகாம்களில் கிடந்தது. 2011 ஜனவரி வெள்ளம் வயலையும் வீட்டையும் ஒன்றாக்கியது. ஒவ்வொரு தடவையும் சுவரில் இருந்த படங்களில் ஒரு பங்கு போனது. அச்சகம் ஆயிரமாயிரமாய் அடித்து அனுப்பிய ஒரு படம் இங்கே ஊருக்கு இரண்டு மூன்றாகிவிட்டது. அதிலும் ஒரு பெண் தன் கூறைச் சீலையை வெட்டி ஒட்டிய படம் உலகத்தில் ஒன்றே ஒன்று. அச்சகம் வைக்காத வரையறையைப் புயலும் போரும் வைத்துவிட்டன. சென்னையிலோ லண்டனிலோ எண் போட்ட பிரதிக்குப் பணம் கொடுக்கும் நம் பிள்ளைகள், ஊரில் வீடு திருத்தும்போது இந்தப் படங்களைக் கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடச் சொல்கிறார்கள். மழைக்கு அவை இரண்டு மாரி தாங்காது. இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

மட்டக்களப்பில் வீடு பெண்வழி போகும். தாய் வீடு மகளுக்கு, மகளுடையது பேத்திக்கு. சுவரில் இருக்கும் படமும் வீட்டோடு அந்த வழியே போகிறது. ஒரு படத்தின் கைமாற்ற வரலாற்றுக்கு ஏல நிறுவனங்கள் பத்திரம் கேட்கும். இங்கே அந்த வரலாறு மூன்று பெண்களின் பெயராக, கேட்டால் சொல்லக்கூடியதாக இருக்கிறது.

எடுத்தவர்கள் என்ன செய்தார்கள்

ரவிவர்மாவைத் திரும்பத் தொட்ட இக்காலக் கலைஞர்கள் பலர். பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என்., நிழற்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000க்கும் 2004க்கும் இடையில் 'தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்' என்ற படத்தொடரை உருவாக்கினார். அதில் அவரே இலட்சுமியாக நிற்கிறார். நிலவொளியில் அமர்ந்த பெண்ணாகவும் இருக்கிறார். தாமரை செய்த தாமரை என்பதும், பின்னால் இருப்பது தீட்டிய திரை என்பதும் மறைக்கப்படவில்லை. அந்தப் படங்களைப் பார்த்தபின் அசலைப் பார்த்தால், அதிலும் ஒரு பெண் சேலை உடுத்தி, வலிக்கும் காலோடு மணிக்கணக்காக ஓவியருக்கு முன் நின்றிருப்பாள் என்பது உறைக்கிறது.

அதுல் தோடியா கடைகளுக்குப் போடும் இரும்புச் சுருட்கதவில் வரைபவர். 2002இல் அவர் செய்த 'மகாலட்சுமி'யின் கதவில் ரவிவர்மாவின் தேவி. கதவைச் சுருட்டி மேலே ஏற்றினால், சீதனம் கொடுக்க வழியில்லாத வீட்டில் தூக்கில் தொங்கிய சகோதரிகள். அது அச்சுப்பிரதி இல்லை, ஒற்றைப் படைப்பு. ஆனால் புகழ்பெற்ற ஓவியத்தை எடுத்தாளும் உரிமையை ஒரு கலைஞன் எப்படிச் சம்பாதிக்கிறான் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சென்னையில் சுஹாசினி மணிரத்னத்தின் 'நாம்' அறக்கட்டளைக்காக ஜி. வெங்கட் ராம் எடுத்த 2020ஆம் ஆண்டுக் கலண்டரில் சமந்தா, ஷோபனா, ரம்யா கிருஷ்ணன் உள்ளிட்டோர் ரவிவர்மாவின் பெண்களாக நின்றார்கள். ஒளியமைப்பும் ஆடையும் கண்ணைக் கவரும் வேலை. நல்ல நோக்கம், நல்ல கைத்திறன். ஆனால் ஓவியத்தோடு அது எதிர்வாதம் செய்யவில்லை. அழகை அழகாகவே திருப்பிக் கொடுத்தது. வாங்கிச் சேர்க்க விரும்புகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: எடுத்த ஓவியத்திடம் எதையாவது கேட்கிற பிரதியை வாங்குங்கள். எண்ணை அப்புறம் பாருங்கள்.

எங்கள் ஊர் அப்படிக் கேள்வி கேட்கவேண்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. விராடன் அரண்மனையில் சைரந்திரியாக ஒளிந்து வாழும் திரௌபதி, கீசகனிடம் போகச் சொல்லி அனுப்பப்பட, நடுங்கியபடி முகம் திருப்பி நிற்பதை ரவிவர்மா வரைந்திருக்கிறார். அதுவும் அச்சுப்படமாக வந்தது. பழுகாமத்தில் திரௌபதை கோயில் கொண்டவள். ஊர்க்காரரே பாண்டவராகக் கோலம் கொண்டு வனவாசம் போய், அவள் பெயரால் தீக்குழி இறங்கும் ஊர் இது. இங்கே அவளுக்கு யாரும் அந்த நடுக்கத்தைக் கொடுத்ததில்லை. மூலத்தானம் திரைக்குப் பின்னால் இருக்க, கப்புகனார் வாய் கட்டிப் பூசை செய்யும் மண்டூர் முருகனும் பக்கத்தில்தான். உருவத்தைக் காட்டுவதா, மறைப்பதா என்பதைப் பற்றி இந்த வாவிக்கரைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ரவிவர்மா இறந்தது 1906இல். அவர் ஓவியங்களுக்குப் பதிப்புரிமைத் தடை எதுவும் இன்று இல்லை. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கலியாண அழைப்பிதழும் கோயில் திருவிழா பனரும் திரை அச்சில் அடிக்கும் கடைகள் நகரத்தில் இருக்கின்றன. நடுங்கும் சைரந்திரியை எடுத்து, தீக்குழியின் முன் நிற்கும் திரௌபதையாக்கி, ஐம்பது பிரதி போட்டு எண்ணிட்டுத் திரையை அழித்துவிட வேண்டும். முதற்பிரதி வாங்க நான் வரிசையில் நிற்பேன்.

அதற்கு முன் கையில் இருப்பதைக் காப்பாற்றவேண்டும். பழைய படத்தைத் துடைக்க ஈரத்துணி எடுக்காதீர்கள். கல்லச்சு வார்னிஷ் வெடித்திருந்தால் நிறமே துணியோடு வந்துவிடும். குங்குமமும் கற்பூரப் புகையும் படிந்திருந்தால் இருக்கட்டும். கண்ணாடி படத்தோடு ஒட்டாமல், இடையில் அமிலமற்ற மட்டைச் சட்டம் வைத்துத் திரும்பப் பிரேம் போடலாம். வாவிக் காற்றின் உப்பீரத்துக்குச் சுவரோடு ஒட்டிய படம்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். பின்னால் இரண்டு தக்கைத் துண்டு வைத்தால் காற்று போகும். வெயில் நேரே படும் சுவர் கூடாது. விளிம்பை வெட்ட பிரேம் கடைக்காரரை விடாதீர்கள். பலகைக்குள் இருக்கும் பழைய பேப்பரைத் தூக்கி எறியவேண்டாம், தனியாக எடுத்து வையுங்கள். படம் எந்தக் காலத்தில் சட்டத்துக்குள் போனது என்பதற்கு அதுதான் சாட்சி.

பிறகு ஒரு தாளில், பென்சிலால், வாங்கியது யார், எந்தக் கடையில், துணி ஒட்டியது யார் கை, எந்த இடப்பெயர்வில் எந்தப் பெட்டியில் போனது என்று எழுதிப் படத்தின் பின்னால் ஓர் உறையில் வையுங்கள். இதைச் சொல்லத் தெரிந்த பெத்தாமார் எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். கண்ணாடி வாங்கப் போகும் முன் அவர்களிடம் போய் உட்காருங்கள்.